பாட்டியின் ஒலிப்பதிவை எங்கே ஏற்றுவது?

நாற்பது நிமிட ஒலிக்கோப்பு ஒன்று கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பேசுபவர் ஒரு பழங்குடிப் பாட்டி. அவருடைய மொழியைத் தடங்கலில்லாமல் பேசுகிறவர்கள் சில நூறு பேர்தான், அவர்களிலும் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள். முதல் ஆறு நிமிடம் உடல் உறுப்புகளின் பெயர்கள்: கண், மூக்கு, முழங்கை, குதிகால். நடுவில் ஒரு குழந்தை அழ, பாட்டி தாலாட்டுக்குத் தாவிவிடுகிறார். பதினைந்தாவது நிமிடத்தில் விஷக்கடிக்கு எந்த வேர், எந்தப் பருவத்தில் தோண்ட வேண்டும், எவ்வளவு கொடுத்தால் ஆளுக்கே ஆபத்து என்கிற பேச்சு. இருபத்தெட்டாவது நிமிடத்தில் குரல் தாழ்கிறது. பெண்கள் மட்டுமே இருக்கும் இடத்தில் பாடப்படும் சடங்குப் பாட்டின் இரண்டு வரிகள். அதை முடித்த கையோடு பக்கத்து ஊர்க்காரர் ஒருவரின் நிலத் தகராறு பற்றி, பெயர் சொல்லி, ஒரு வம்பு. கடைசியில் வாய்விட்டு ஒரு சிரிப்பு.

களப்பதிவு செய்த எவருக்கும் இப்படிப்பட்ட கோப்பு பழக்கமானதுதான். "இப்போது மருத்துவம், அடுத்தது சடங்கு" என்று அத்தியாயம் பிரித்துக்கொண்டு யாரும் பேசுவதில்லை. இந்தக் கோப்பு அழியாமல் இருக்க வேண்டும், பேரப்பிள்ளைகளின் கைக்கும் எட்ட வேண்டும். எங்கே ஏற்றுவது? ஐ.நா. 2022 முதல் 2032 வரையிலான காலத்தைப் பழங்குடி மொழிகளுக்கான பத்தாண்டாக அறிவித்திருக்கிறது. ஆனால் இந்தக் கேள்விக்குச் சிறு குழுக்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத்தான் விடை தேட வேண்டியிருக்கிறது.

தேடும்போது தமிழ் இணையத்தில் வளர்ந்த நமக்கு ஒரு பழக்கதோஷம் குறுக்கே வரும். பழந்தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தர 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியத்தைத் தரவிறக்கிப் படித்தவர்கள் நாம். "திறந்து வை, பரவட்டும்" என்பது நமக்கு அனிச்சையாகிவிட்டது. தமிழுக்கு அது பொருந்தியதற்குக் காரணம் உண்டு. அங்கே ஏறியவை படிக்கப்படுவதற்கென்றே எழுதப்பட்ட நூல்கள், பெரும்பாலும் பதிப்புரிமைக் காலம் முடிந்தவை. மொழியைப் பேசுவோரும் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். பாட்டியின் கோப்புக்கு இதில் எதுவுமே இல்லை.

முழுக்கத் திறப்பது

விக்கிமீடியா வழியிலிருந்து தொடங்கலாம். விக்கிப்பீடியாவோடு சேர்ந்த தளங்கள் உண்டு: பொதுவகத்தில் ஒலி, விக்சனரியில் சொல், விக்கிமூலத்தில் உரை. காலணா செலவில்லை, சர்வர் எனப்படும் வழங்கியைப் பற்றிய கவலை இல்லை, உலகில் எங்கிருந்து தேடினாலும் கிடைக்கும். லிங்குவா லிப்ரே என்ற கருவி சொற்பட்டியலை ஒவ்வொன்றாகத் திரையில் காட்டும். சொல்லச் சொல்ல அதுவே வெட்டி, பெயரிட்டு, பொதுவகத்தில் ஏற்றிவிடும். ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் பல நூறு சொற்கள் தேறும். பாட்டியின் முதல் ஆறு நிமிடத்துக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. முழங்கைக்கு என்ன பெயர் என்பதில் யாருக்கும் ரகசியம் கிடையாது.

எழுத்தும் எழுத்துருவும் இதே கணக்கில் சேரும். கிழக்கிந்தியப் பழங்குடி மொழியான சந்தாலிக்கு ரகுநாத் முர்மு 1925இல் ஒல் சிக்கி எழுத்தை உருவாக்கினார். எல்லா எழுத்துகளுக்குமான பொதுக் கணினிக் குறியீடான ஒருங்குறியில் அது ஏறியது 2008இல், அந்த எழுத்தில் சந்தாலி விக்கிப்பீடியா பிறந்தது 2018இல். ஒருங்குறி இல்லாமல் விக்கி இல்லை. ஒருங்குறிக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய கோப்பை இன்று திறந்து பார்த்துக் கண்ணைக் கசக்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எழுத்துரு, விசைப்பலகை, சொற்பட்டியல், அரிச்சுவடி ஆகியவற்றைப் பூட்டி வைப்பது மொழிக்குச் செய்யும் தீங்கு என்பது என் கட்சி.

ஆனால் கோப்பு முழுவதையும் அங்கே ஏற்றலாமா என்றால் கூடாது. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் ஒருமுறை கொடுத்தால் கொடுத்ததுதான். மனம் மாறினால் அடுத்தவர்களுக்குக் கொடுப்பதை நிறுத்தலாம், ஏற்கெனவே எடுத்தவர் கையிலிருந்து பிடுங்க முடியாது. "வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது" என்ற நிபந்தனை போட்ட கோப்பைப் பொதுவகம் ஏற்பதே இல்லை. ஆக, தாலாட்டை அங்கே வைத்தால் நாளைக்கு அது ஒரு சோப்பு விளம்பரத்தின் பின்னணியில் ஒலிக்கலாம், சட்டப்படி அதில் தவறும் இருக்காது.

விக்கிப்பீடியாவில் கட்டுரையாக எழுதலாம் என்றால் அங்கே வேறு சிக்கல். ஏற்கெனவே வெளியிடப்பட்ட, நம்பத்தக்க சான்று கேட்பார்கள். பாட்டி சொன்னார் என்பது சான்றாகாது. வாய்மொழியைச் சான்றாக வைக்க முடியுமா என்று 2011இல் இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் ஒரு சோதனை நடத்திப் பார்த்தார்கள். நல்ல முயற்சிதான், ஆனாலும் விதி அசையவில்லை.

சிறு மொழி விக்கிகளில் காவலாளி இல்லாத வீட்டின் தொல்லையும் உண்டு. ஸ்காட்லாந்தின் ஸ்காட்ஸ் மொழி விக்கிப்பீடியாவில் அந்த மொழியே தெரியாத ஓர் அமெரிக்கப் பதின்வயதுப் பையன் பல ஆண்டுகளாக ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதிக் குவித்திருந்தது 2020இல்தான் வெளியே தெரிந்தது. ஆங்கிலத்தை ஸ்காட்ஸ் போலத் திரித்து எழுதியவை அவை. சொந்த மொழிக்காரர்கள் நாலு பேராவது வாரம் ஒருமுறை எட்டிப் பார்க்க முடியாது என்றால் விக்கிப்பீடியா தொடங்குவதைவிடத் தொடங்காமலிருப்பது மேல். சொல்லொலிகளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

யூடியூப், வாட்ஸ்அப் குழு இரண்டையும் ஒரு வரியில் முடித்துவிடுகிறேன். இளைஞர்கள் இருக்கும் இடம் அதுதான், ஆகவே துண்டு துண்டாகப் பரப்பப் பயன்படுத்துங்கள். காப்பகமாக நம்பாதீர்கள்.

ஆய்வாளர்களின் காப்பகம்

2018 செப்டம்பர் 2 இரவு ரியோ டி ஜெனிரோவில் பிரேசிலின் தேசிய அருங்காட்சியகம் எரிந்தது. அங்கிருந்த மொழியியல் சேகரிப்பும் அதோடு போனது. இன்று பேச ஆளே இல்லாத பழங்குடி மொழிகளின் பதிவுகளும், இனவரைவியலாளர் கர்ட் நிமுவெண்டாஜு பல்லாண்டு சேர்த்த ஆவணங்களும் அதில் அடக்கம். எண்ணியல் படி எடுக்கப்பட்டவை மட்டும் தப்பின. காந்த நாடாக்களுக்குத் தீயே தேவையில்லை. அவற்றை 2025க்குள் எண்ணியலாக்காவிட்டால் பெரும்பகுதி கைவிட்டுப் போகும் என்று ஆஸ்திரேலியத் தேசியத் திரைப்பட, ஒலிக் காப்பகம் 2015இலேயே எச்சரித்திருந்தது. நாடா நைந்துபோவது ஒரு பக்கம், அதை ஓட்டும் கருவியும் பழுது பார்ப்பவரும் இல்லாமல் போவது இன்னொரு பக்கம்.

இதற்கெல்லாம் மருந்து போலத்தான் பாரடிசெக், ஈலார் போன்ற, அழியும் மொழிகளின் பதிவுகளைக் காக்கும் எண்ணியல் காப்பகங்கள் வந்தன. 2003இல் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து தொடங்கிய பாரடிசெக்கில் இப்போது 1,300க்கும் மேற்பட்ட மொழிகளின் பதிவுகள் இருக்கின்றன. லண்டனில் வளர்ந்த ஈலார் 2021இல் பெர்லினுக்கு இடம்பெயர்ந்தது. நிறுவனம் இடம் மாறினாலும் கோப்புகள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. யூடியூபிடம் இதை எதிர்பார்க்க முடியாது.

இவர்களிடம் கொடுத்தால் அசல் கோப்பு அப்படியே நிற்கும். அசல் என்றால் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பு, ஸ்டீரியோவில் மணிக்கு ஏறத்தாழ 1 ஜிபி. எம்பி3 ஆக்கிவிட்டு அசலை அழிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு இன்னும் பதறும். காப்பகத்தில் ஒவ்வொரு கோப்புக்கும் தனி அடையாள எண் இருக்கும், யார் கேட்கலாம் என்று அடுக்குகளும் வைக்கலாம். இந்தக் கோப்பு எல்லோருக்கும், இந்தக் கோப்பு கேட்டு அனுமதி பெற்றவருக்கு மட்டும் என்று.

குறை என்ன? காப்பகத்தின் வாசல் ஆய்வாளரின் உயரத்துக்குக் கட்டப்பட்டது. கணக்கு தொடங்க வேண்டும், ஆங்கிலத்தில் தேட வேண்டும், மொழிக்கு ஆய்வாளர் வைத்த குறியீட்டை அறிந்திருக்க வேண்டும். பாட்டியின் பேத்திக்கு விலை மலிந்த கைபேசி ஒன்றுதான் இருக்கிறது. பாட்டியின் குரல் எங்கோ ஒரு கண்டத்தில் மிகப் பத்திரமாக இருக்கிறது என்பது அவளுக்கு என்ன ஆறுதல்?

வடகிழக்கு அமெரிக்காவின் பாசமக்வாடி மக்களுக்கு நடந்தது இதுதான். 1890இல் ஜெஸ்ஸி வால்டர் ஃப்யூக்ஸ் என்ற ஆய்வாளர் அப்போது புதிதாக வந்திருந்த ஃபோனோகிராஃபைத் தூக்கிக்கொண்டு அவர்களிடம் போய், மெழுகு உருளைகளில் பாட்டும் கதையும் பதிந்தார். ஓர் உருளையில் சில நிமிடம்தான் கொள்ளும். உலகில் களத்தில் செய்யப்பட்ட முதல் ஒலிப்பதிவுகள் அவை. பாடியவர்களின் வாரிசுகள் அந்தப் பதிவுகளைத் தங்கள் விதிப்படி கையாள ஒரு நூற்றாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. 2018இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அவற்றை இணையத்தில் வைத்தபோது சமூகத்தினரே உட்கார்ந்து கேட்டுப் பெயர்த்தெழுதினார்கள். ஒவ்வொரு பதிவோடும் அவர்கள் மொழியிலேயே குறிச்சீட்டுகள் ஒட்டப்பட்டன. அதில் ஒன்றின் பொருள்: "இது விற்பனைக்கு அல்ல."

இந்த மரபறிவுக் குறிச்சீட்டுகளை உருவாக்கியது 2010இல் தொடங்கிய லோக்கல் கான்டெக்ஸ்ட்ஸ் என்ற அமைப்பு. சீட்டுக்குச் சட்ட பலம் கிடையாது. வேண்டாம் என்று எழுதி வைத்திருப்பதை மீறி எடுப்பவனை அது தடுக்காது. ஆனால் தெரியாமல் எடுத்துவிட்டேன் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

சாவி ஊர்க்காரர் கையில்

முகுர்ட்டு என்ற கட்டற்ற மென்பொருளின் கதை ஆஸ்திரேலியாவின் டென்னன்ட் கிரீக்கில் தொடங்குகிறது. அங்குள்ள வாருமுங்கு பழங்குடி மக்களுக்குப் பழைய புகைப்படங்கள் திரும்பி வந்தபோது, எல்லோரும் எல்லாப் படத்தையும் பார்க்கக் கூடாது என்பது அவர்களுக்கு இயல்பான விதியாக இருந்தது. இறந்தவர் இருக்கும் படம், ஆண்கள் மட்டும் பார்க்கும் படம், குறிப்பிட்ட குடும்பத்துக்கு உரிய இடத்தின் படம். எந்தக் கணினி நிரலிலும் இதற்கு இடமில்லை. பயனர், நிர்வாகி என்ற இரண்டே சாதிதான் கணினிக்குத் தெரியும். ஆகவே உறவுமுறையையும் பாலினத்தையும் அறிந்த ஒரு காப்பகத்தைக் கட்டினார்கள். முகுர்ட்டு என்றால் அவர்கள் மொழியில் புனிதப் பொருள்களைப் பத்திரமாக வைக்கும் பை. இன்று வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகம் அதைப் பராமரிக்கிறது, யாரும் இலவசமாக நிறுவலாம்.

மென்பொருள்தான் இலவசம், வழங்கிக்கு மாதாமாதம் பணம் கட்ட வேண்டும், புதுப்பிக்க ஆள் வேண்டும். நல்கைப் பணத்தில் தொடங்கி, திட்டம் முடிந்த மறு ஆண்டே காணாமல் போகும் தளங்கள் இந்தத் துறையில் சகஜம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2003 முதல் இயங்கும் ஃபர்ஸ்ட்வாய்சஸ் இதற்கு ஒரு வழி கண்டது. பழங்குடிகள் தலைமையில் இயங்கும் மாகாண அரசு நிறுவனம் ஒன்று தளத்தை நடத்துகிறது. ஒவ்வொரு சமூகமும் தன் அகராதியை மட்டும் பார்த்துக்கொள்கிறது, எது பொதுவுக்கு, எது உறுப்பினருக்கு என்று அதுவே முடிவு செய்கிறது. தனித்தனி வீடு கட்டுவதைவிட ஒரே கூரையின் கீழ் தனித்தனி அறை. பல சிறு மொழிகள் அருகருகே இருக்கும் எந்தப் பகுதிக்கும் இதுதான் சரிப்படும் என்று நினைக்கிறேன்.

இதில் கண்ணை மூடிக்கொண்டு தாண்டக் கூடாத இடம் ஒன்று உண்டு, காகிதத்தில் யார் கையெழுத்து என்பது. அமெரிக்கப் பழங்குடி மொழியான லக்கோட்டாவுக்குப் பாடநூல் போட்ட ஒரு தொண்டு நிறுவனத்தை 2022இல் ஸ்டாண்டிங் ராக் பழங்குடி அவை தன் மண்ணிலிருந்தே வெளியேற்றியது. முதியவர்களின் பதிவுகளைக் கொண்டு செய்த நூல்களுக்கு நிறுவனத்தின் பெயரில் பதிப்புரிமை இருந்ததுதான் சண்டைக்கு வேர். லாப நோக்கமில்லாதவர்கள், நல்லவர்கள், நம்மவர்கள் என்பதெல்லாம் ஒப்பந்தத்தின் எந்த வரியிலும் வராது. ஒலிப்பதிவின் உரிமை யாருக்கு என்று முதல் நாளே, பாட்டியின் மொழியில், பதிவிலேயே கேட்டுப் பதில் வாங்கிவிட வேண்டும்.

இயந்திரத்துக்குக் குரல் கொடுப்பது

பேச்சுத் தரவாகக் கொடுக்கச் சொல்லிப் புதிதாக ஒரு வேண்டுகோள் வருகிறது. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியைத் தரும் மொசில்லா 2017இல் தொடங்கிய காமன் வாய்ஸ் இதில் பெயர் பெற்றது. அதன் தரவுத்தொகுப்பை எந்த நிபந்தனையும் இல்லாத சிசி ஜீரோ உரிமத்தில்தான் வெளியிட்டுவந்தது. கைபேசியில் பேசினால் எழுத்தாக மாறும் வசதி சிறு மொழிக்கும் வர வேண்டும் என்றால் குரல் வேண்டும், மறுக்கவில்லை.

இதற்கு எதிர்முனையில் நிற்பது நியூசிலாந்தின் கைட்டையாவில் இருக்கும் தே ஹிகு மீடியா என்ற, அந்நாட்டுப் பழங்குடியான மாவோரிகளின் வானொலி. 2018இல் பத்தே நாளில் சுமார் 2,500 பேர் வாசித்து 300 மணி நேரத்துக்கு மேல் பதிவு கொடுத்தார்கள். தங்கள் வானொலி கேட்டதால் கொடுத்தார்கள். வானொலி அதைத் திறந்துவிடவில்லை. காவல் பொறுப்பு என்று பொருள்படும் மாவோரிச் சொல்லின் பெயரில் தனக்கென ஓர் உரிமம் எழுதிக்கொண்டு, பேச்சை எழுத்தாக்கும் நிரலைத் தானே செய்தது. மாவோரிக் குரல்களுக்கு விலை பேசி வந்த அமெரிக்க நிறுவனத்தைத் திருப்பி அனுப்பியது. இருந்தும் 2022இல் ஓப்பன்ஏஐ வெளியிட்ட, பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் நிரல், இணையத்திலிருந்து திரட்டிய 6,80,000 மணி நேரத்தில் பயிற்றுவிக்கப்பட்டிருந்தது. அதில் மாவோரிப் பேச்சும் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல். வாசலைப் பூட்டினாலும் சன்னல் வழியே போகத்தான் போகிறது என்று இதைக் காட்டி வாதிடுபவர்கள் உண்டு. எனக்கு அது ஏற்புடையதல்ல. சன்னல் திறந்திருக்கிறது என்பதற்காகக் கதவைக் கழற்றி வைப்பாரில்லை.

பாட்டியின் கோப்பை இதற்குக் கொடுப்பதில் அர்த்தமும் இல்லை. இயந்திரத்துக்கு வேண்டியது பல பேர் வாசிக்கும் குறுவாக்கியங்கள். அதற்குப் புதிதாக எழுதி, இளையவர்களை வாசிக்கச் சொல்லலாம், மொழி வகுப்பாகவும் அது ஆகும்.

பதினைந்தாவது நிமிடம்

எனக்கு அதிக நேரம் பிடித்தது விஷக்கடி வேரில்தான். திறக்கச் சொல்வோர், பூட்டச் சொல்வோர் என இங்கே இரு தரப்புமே உண்மையைச் சொல்கின்றன.

மஞ்சள் காயத்தை ஆற்றும் என்பதற்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். இந்திய அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் பழைய நூல்களைக் காட்டி வழக்காடி 1997இல் அதை ரத்துசெய்ய வைத்தது. எழுதி வைத்தது கைகொடுத்தது, வெளியிட்டால்தான் திருட்டைத் தடுக்கலாம் என்பவர்கள் சொல்வது இதைத்தான். தென்னாப்பிரிக்காவில் நேரெதிர். நீண்ட வேட்டையில் பசியைத் தாங்க அங்குள்ள பழங்குடியான சான் மக்கள் மென்ற ஹூடியா செடியை அந்நாட்டு அறிவியல் மன்றம் 1990களில் காப்புரிமையாக்கி ஒரு பிரிட்டிஷ் நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்தது. சான் மக்களோடு பங்கு ஒப்பந்தம் வந்தது 2003இல்தான், அதுவும் வெளியில் கூச்சல் எழுந்த பிறகு. வெளியே போன அறிவு காப்புரிமையைத் தடுக்கவும் இல்லை, சொன்னவரைக் கேட்கவும் வைக்கவில்லை.

மஞ்சள் வழக்கின் பின்னணியில் இந்தியா 2001இல் தொடங்கிய மரபறிவு எண்ணியல் நூலகம் நடுவழி ஒன்றைப் பிடித்தது. ஆயுர்வேத, சித்த, யுனானி நூல்களிலுள்ள மருத்துவக் குறிப்புகளை ஐந்து உலக மொழிகளில் பெயர்த்து, வெளியிடாமல், காப்புரிமை அலுவலகங்களுக்கு மட்டும் ஒப்பந்தத்தின் பேரில் திறந்துவிட்டது. ஆனால் அது ஏட்டில் ஏறிய அறிவுக்கு. பாட்டியின் வேர் எந்த ஏட்டிலும் இல்லை. மரபறிவைப் பயன்படுத்திக் காப்புரிமை கேட்பவர் அதை யாரிடம் பெற்றார் என்று சொல்ல வேண்டும் என 2024 மே மாதம் ஓர் உலக உடன்படிக்கை ஏற்கப்பட்டது. சொல்ல வைப்பதோடு அது நிற்கிறது, பங்கு கொடுக்க வைப்பதில்லை.

ஆகவே வேர் விஷயத்தில் நான் பூட்டும் பக்கம். காப்புரிமை பயம் பாதிக் காரணம்தான். "எவ்வளவு கொடுத்தால் ஆபத்து" என்ற வரியை மொழிபெயர்ப்பில் யாரோ விட்டுவிட்டால் அதைப் பார்த்துச் சாப்பிடுகிறவர் கதி என்ன என்பது மீதிப் பாதி. சூழலோடு வந்தால்தான் அது மருந்து.

கோப்பை என்ன செய்வேன்

அசலை வெட்டாமல் முழுசாகக் காப்பகத்துக்கு அனுப்புவேன், கேட்டு அனுமதி பெறுபவருக்கு மட்டும் என்ற அடுக்கில். கையில் ஒரே ஒரு காரியத்துக்குத்தான் காசும் நேரமும் இருக்கிறது என்றால் இதைத்தான் செய்வேன், மற்றதெல்லாம் பத்து வருடம் கழித்தும் செய்யலாம். இன்னொரு படி ஊரில், ஒரு வன்வட்டில், யார் வீட்டில் என்று எல்லோருக்கும் தெரியும்படி. ஈலான் போன்ற கட்டற்ற நிரலில் நேரக்குறி போட்டுப் பெயர்த்தெழுத வேண்டும். ஒரு நிமிடப் பேச்சுக்கு ஒரு மணி நேர உழைப்பு என்று சொல்வார்கள், மிகையில்லை.

நேரக்குறி போட்ட பிறகுதான் பிரிக்கவே முடியும். முதல் ஆறு நிமிடம் சொல் சொல்லாகப் பொதுவகத்துக்கும் விக்சனரிக்கும் போகும். தாலாட்டு, "விற்பனைக்கு அல்ல" என்ற சீட்டோடு, சமூகத்தின் சொந்தத் தளத்தில் எல்லோரும் கேட்கும்படி. வேர், உறுப்பினருக்கு மட்டும். நிலத் தகராற்று வம்பு, சம்பந்தப்பட்டவரின் பிள்ளைகள் காலத்துக்கும் பிறகு திறக்கும்படி தேதி போட்டு மூடப்படும். வரலாற்றாசிரியர் யாராவது ஒருநாள் அதற்கு நன்றி சொல்வார். சொந்தத் தளம் நடத்த ஆளில்லை என்றால் தாலாட்டும் காத்திருக்கட்டும், அவசரத்துக்கு விக்கியில் ஏற்ற வேண்டாம்.

இருபத்தெட்டாவது நிமிடத்தின் இரண்டு வரிகளை எங்கே வைப்பது என்று எனக்கு எந்தக் கருத்தும் இருக்கக் கூடாது. அதைப் பாட்டியிடமும் மற்றப் பெண்களிடமும் ஒரு பெண் போய்க் கேட்க வேண்டும், ஒலிப்பதிவுக் கருவியை அணைத்து வைத்துவிட்டு.